கேமரா கெட்டுப்போன மூன்று வாரங்கள்

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை முழுக்கத் துணி துவைக்கும் இயந்திரத்தோடு சண்டை. விடுதியின் கீழ்த்தளத்தில் ஆறு இயந்திரங்கள் நிற்கின்றன. நான் போட்டது மட்டும் பாதியில் நின்றுபோய், கதவைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. உள்ளே என் மூன்று சுடிதார்களும் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. வெளியே நான் தட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். பதினெட்டு வருடம் ஒரு வகுப்பையே ஒற்றைப் பார்வையில் அடக்கியவள் நான்!

பக்கத்து அறைப் பெண் வந்தாள். ஒரு பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். திறந்துகொண்டது.

"ஆன்ட்டி, எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் ஆன்ட்டி."

இந்த வெளிநாட்டு விடுதியில் நான் தமிழ் பேச இருக்கும் ஒரே ஆள் அவள். கணினி படிக்க வந்திருக்கிறாள். அவளுக்கு இருபத்திரண்டு, எனக்கு நாற்பத்தொன்று. ஆன்ட்டி என்பதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவையா?

செப்டம்பர் 16, செவ்வாய்

முதல் கூட்டம். ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று பேராசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். வரைபடம் தயாரிக்கும் ஓராண்டுப் படிப்பு, சுற்றிலும் சின்னஞ்சிறுசுகள். என் முறை வந்ததும் உள்ளதைச் சொன்னேன் – "நான் புவியியல் டீச்சர். இவ்வளவு வருஷமா யாரோ போட்ட மேப்பைச் சுவத்துல மாட்டித்தான் பாடம் நடத்தினேன். ஒண்ணாவது நானே போடணும்."

பேராசிரியர் புன்னகைத்தார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நெஞ்சு நிமிர்ந்துபோனது. அதே நிமிர்வோடு வெளியே வந்து, கழிவறை என்று நினைத்துத் துடைப்பம் வைக்கும் அறைக்குள் போய்விட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வீட்டுக்குப் பேசினேன். அவர் எடுத்தார். எப்போதும் முகம் பார்த்துப் பேசுவோம்; இன்று குரல் மட்டும். "போன்ல கேமரா கெட்டுப்போச்சு. ரிப்பேருக்குக் குடுக்கணும்" என்றார். அஞ்சலகத்தில் ஊரார் பார்சலையெல்லாம் பத்திரமாக அனுப்பி வைக்கிறவர், சொந்தப் போனைக் கீழே போட்டிருப்பார்.

பிறகு மகள். பத்தாம் வகுப்பு. அவள் பத்தாவது படிக்கிற வருடம் பார்த்து நான் கிளம்பி வந்துவிட்டேன் – ஊரெல்லாம் அதைத்தான் பேசியது. அவள் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

"சாப்டேம்மா. படிச்சேம்மா. சரிம்மா."

அவ்வளவுதான். சோறு குழைந்தால் கூட என்னோடு கட்சி கட்டி வாதாடுகிறவள். இப்போது வங்கியில் வரிசையில் நிற்பவள் மாதிரி மரியாதையாகப் பேசுகிறாள். வளர்ந்துவிட்டாளா? அல்லது... தெரியவில்லை.

செப்டம்பர் 27, சனி

பெஞ்சு எண்ணும் வேலை. விளையாட்டில்லை, இதுதான் எங்கள் பாடத்தின் செயல்திட்டம்: நடக்க முடியாதவர்கள் இந்த நகரத்தில் எங்கெங்கே உட்காரலாம் என்று வரைபடம் போட வேண்டும். என் ஜோடி, வகுப்பிலேயே உயரமான பையன். மனதுக்குள் அவனுக்கு நெட்டை என்று பேர். அவன் ஓரடி வைத்தால் நான் மூன்றடி ஓட வேண்டும். பெஞ்சு எண்ணப் போனவள் ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

முப்பத்தோராவது பெஞ்சில் ஒரு பெரியவர் பறவைகளுக்கு எதையோ பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் காகிதத்தை எட்டிப் பார்த்து, "தினம் நான் இங்கதான் இருக்கேன். என்னையும் போடுவீங்களா?" என்று கேட்டார். நெட்டை கொஞ்சமும் சிரிக்காமல் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான். நல்ல பிள்ளை. அவன் அம்மா கொடுத்து வைத்தவள்.

அக்டோபர் 1, புதன்

முட்டை பொரித்தேன். புகை மணி அலறி, நான்கு மாடி ஜனமும் தெருவுக்கு வந்தது. இனி விடுதியில் என்னைத் தெரியாதவர் யாரும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

குன்று ஏறப் போனோம். நானும் நெட்டையும் பக்கத்து அறைப் பெண்ணும். நான்தான் வழிகாட்டி. மேப் என் கையில்தான் இருந்தது.

உச்சி வரை சரியாகத்தான் போனோம். காற்று அப்படி வீசியது. துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி கத்தினேன். இறங்கும்போது வழி இரண்டாகப் பிரிந்தது. "இடது பக்கம்" என்றேன், வகுப்பறைக் குரலில். அந்தக் குரலை யார் எதிர்த்துப் பேசுவார்கள்? மேப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று தெரிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் மரங்கள் அடர்ந்து, மூன்று போனிலும் சிக்னல் செத்துப்போயிருந்தது. அவளுக்குக் குதிகாலில் கொப்புளம். எனக்கு ஒரே பயம் – ஊரான் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இப்படிச் செய்துவிட்டேனே என்று.

மொத்தம் மூன்று மணி நேரம். கடைசியில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் பின்வாசலில் போய் விழுந்தோம். அங்கே வண்டி ஓட்டும் அம்மா எங்கள் கோலத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் பின்கதவைத் திறந்துவிட்டார். தட்டு அடுக்குகளுக்கு நடுவில், சூடான ரொட்டி வாசத்தோடு நகரம் வந்து சேர்ந்தோம்.

அக்டோபர் 6, திங்கள்

வகுப்புக்கு முன் வீட்டுக்குப் பேசினேன். "குன்று ரொம்ப நல்லா இருந்துச்சு, நல்ல காத்து" என்றேன். மீதியைச் சொல்லவில்லை. எதற்கு வீணாகக் கவலை?

"சரிம்மா" என்றாள்.

கேமரா இன்னும் சரியாகவில்லையாம்.

அக்டோபர் 13, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் செய்தி அனுப்பியிருந்தாள்: "பொண்ணு கை மாவுக்கட்டு பிரிச்சாச்சாமே, சந்தோஷம் டீச்சர்."

என்ன மாவுக்கட்டு? யாருக்கு?

எழுந்து வெளியே ஓடினேன். நடைபாதையில் நின்று அவருக்குப் போட்டேன்.

"எந்தக் கை?" – எடுத்தவுடன் அதுதான் வாயில் வந்தது.

"இடது கை. மணிக்கட்டு. சைக்கிள்ல இருந்து விழுந்துட்டா. சின்ன விரிசல்தான்னு டாக்டர் சொன்னாரு. வலது கை நல்லா இருந்ததால காலாண்டுப் பரீட்சை கூட எழுதிட்டா."

"அப்போ கேமரா?"

"கேமரா... நல்லாத்தான் இருக்கு."

மூன்று வாரம்! அப்பாவும் மகளும் சேர்ந்து மூன்று வாரம் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். திட்டிக்கொண்டே இருந்தவள் நடுவில் என்ன நினைத்தேனோ, "தலை யாரு பின்னி விட்டா?" என்று கேட்டேன்.

"நான்தான். முதல்ல ரெண்டு நாள் அவிழ்ந்து அவிழ்ந்து போச்சு. அப்புறம் வந்துடுச்சு."

போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

போறேன். போயே தீரணும். பெத்த பொண்ணு கையை ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கா, நான் இங்க பெஞ்சு எண்ணிட்டு இருக்கேன். என்ன படிப்பு வேண்டிக்கெடக்கு? நாற்பத்தொரு வயசுல யாருக்கு நிரூபிக்க?

பெட்டியை இறக்கிக் கட்டில் மேல் வைத்தேன். பக்கத்து அறைப் பெண் தேநீரோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"மறைச்சது தப்புதான். ஆனா நீங்க மட்டும் என்னக்கா, காட்டுல தொலைஞ்சத வீட்ல சொன்னீங்களா?"

கோபம் வந்தது. தேநீரை வாங்கிக்கொண்டேன்.

அக்கா என்று சொன்னாள் என்பது தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் 15, புதன்

கேமரா வேலை செய்தது. மகளின் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கையைக் காட்டச் சொன்னேன். கட்டுப் போட்டிருந்த இடம் வெளுத்து, மெலிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது.

"அம்மா வந்துடறேண்டா. அடுத்த வாரமே கிளம்பிடறேன்" என்றேன்.

பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"வராத! இதுக்குத்தான் சொல்லல! அப்பா அன்னிக்கே உன்கிட்ட சொல்லலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். நீ வந்துடுவ. வந்துட்டு, உன்னாலதான் படிப்ப விட்டேன்னு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவ!"

"நான் எப்ப சொல்லிக் காட்டினேன்?"

"சொல்லுவ. எனக்காகப் பாட்டு கிளாஸ் விட்டதுக்கே இன்னும் சொல்ற!"

அது உண்மைதான்.

அவள் நிறுத்தவில்லை. "எனக்கு வலிச்சுச்சு, தெரியுமா? ராவெல்லாம் அழுதேன். உன் மேல அவ்வளவு கோவம். எல்லார் அம்மாவும் வீட்ல இருக்காங்க. நீ மட்டும் அங்க போய் சிரிச்சு சிரிச்சு போட்டோ போடற. ஆனா நீ வராத. நீ பாஸ் பண்ணிட்டு வா."

மூக்கு ஒழுக, கண் சிவக்க, தொண்டை கிழியக் கத்தினாள். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. ஆனால் ஒரு நிம்மதியும் – எப்படி எழுதுவது – காணாமல் போன பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி. ஒரு மாதமாக "சரிம்மா" சொன்னது யாரோ. இவள்தான் என் மகள்.

அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில், நான் குன்றில் வழி தவறிய கதையைச் சொன்னேன். மேப்பைத் தலைகீழாகப் பிடித்தது உட்பட.

ஒரு நிமிடம் முறைத்தாள். "ஜாக்ரபி டீச்சர் தொலைஞ்சு போச்சா?" என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், அழுகையும் சிரிப்புமாகப் புரைக்கேறி, அவர் ஓடிவந்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

ஒப்பந்தம் போட்டோம். இனி இரண்டு பக்கமும் எதையும் மறைப்பதில்லை. அவரும் தலையை ஆட்டினார்.

பெட்டியை மறுபடி பரண் மேல் ஏற்றினேன். இறக்கும்போது இருந்ததை விடக் கனமாக இருந்தது, காலிப் பெட்டிதான்.

அக்டோபர் 18, சனி

இன்று அழுகை வந்தது. யாரும் திட்டவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. வந்தது, போனது. அவளுக்கும் அதைச் செய்தியாக அனுப்பினேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. "எனக்கும்" என்று பதில் வந்தது.

அக்டோபர் 22, புதன்

வரைபடம் முடிந்தது. நூற்றுப் பதினான்கு பெஞ்சுகள். கீழே மூலையில் நெட்டையின் பேரும் என் பேரும். பேராசிரியர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மருத்துவமனைக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவில் விரலை ஓட்டினார். "இவ்வளவு தூரத்துக்கு உக்கார ஓரிடம் கூட இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இதை நகராட்சிக்கு அனுப்பலாம் என்றார்.

நான் போட்ட மேப். எதையும் தலைகீழாகப் பிடிக்காமல் போட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். போன் அடித்தது. அவளேதான். இங்கே வந்த பிறகு அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை.

பதறி எடுத்தேன். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"என்ன ஆகணும்? அப்பா வெச்ச பருப்புல உப்பே இல்ல, கேட்டா உடம்புக்கு நல்லதுங்கறாரு. அறிவியல் மிஸ் என்னை மட்டும் ரெண்டாவது பெஞ்சுக்கு மாத்திட்டாங்க. மூக்கு மேல ஒரு பரு, பாரு, தெரியுதா? அவ இருக்காளே, அவ என் நோட்டை வாங்கிட்டுத் தரவே மாட்டேங்கறா..."

பேருந்து வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார். "இல்லம்மா, எவ சொல்லு, அந்த ரெட்டைச் சடையா?" என்று கேட்டுக்கொண்டே அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அடுத்ததும் வந்தது. அதற்கும் கையைக் காட்டினேன்.