சிவப்பு வரியின் பின்மூடி

மார்ச் 4, செவ்வாய்

கடை திறக்கும் முன்பே ஒன்பதாவது கடிகாரம், ‘புகை முகம்’, கைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவன் முகத்தை உம்மென்று வைத்திருந்தான். விலையில் பேசிப் பேசியே அவனைக் கரைத்துவிட்டேன். கரைந்தவன் எப்படிச் சிரிப்பான்?

ஆக, ஒன்பதும் சேர்ந்தாயிற்று. ஒரே கம்பெனி, ஒரே மாடல். கார் பந்தயக்காரர்களுக்காக ஐம்பது வருடம் முன்பு செய்த ஸ்டீல் கைக்கடிகாரம். கணக்குப்பிள்ளை மேசையில் வரிசையாகப் பார்த்துவிட்டு, “ஒரே வாட்ச்சை எதுக்குங்க ஒன்பது வாங்கினீங்க?” என்றார். பார்க்கத் தெரிந்தவனுக்கு ஒன்பதும் ஒன்பது பிறவி. ஒன்றில் கம்பெனி பெயருக்குக் கீழே ஒரு வரி மட்டும் சிவப்பு. ஒன்றில் முள் கொஞ்சம் குட்டை. புகை முகத்தில் கறுப்பு டயல் வெயில் குடித்துப் பழுப்பாகிவிட்டது. அந்தக் காலத்தில் அது குறை, வாங்கினவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று அதற்குத்தான் அடிதடி.

நான் விற்கும் வால்வு நிறம் போனால் காயலான் கடைக்குப் போகும். இது நிறம் போனால் ஏலத்துக்குப் போகும். இந்தப் பைத்தியக்காரத்தனம்தான் எனக்குப் பிடித்துப்போனது.

குழாயும் வால்வும் விற்றுச் சம்பாதித்த காசு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரியைத் தவிர.

மார்ச் 9, ஞாயிறு

புத்தகக்காரர் வருகிறாராம்! இந்த ஒரு மாடலைப் பற்றி மட்டும் பல வருடமாகப் புத்தகம் எழுதும் வெளிநாட்டுக்காரர். உலகத்தில் எவன் கையில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒன்பதும் ஒரே ஆளிடம் இருப்பது இதுவரை அவர் கேள்விப்படாதது. சனிக்கிழமை வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். எல்லாம் சுத்தம் என்றால் புத்தகத்தில் தனி அத்தியாயம், என் பெயரில்.

அவருடைய சட்டம் ஒன்றுதான். பட்டறையில் போட்ட பாகம் எதையும் மாற்றியிருக்கவும் கூடாது, தேய்த்திருக்கவும் கூடாது. ஒருமுறை பாலிஷ் போட்டிருந்தாலும் ஒதுக்கிவிடுவார்.

பள்ளிக்கூடப் புத்தகத்தையே முழுசாகப் படித்து முடிக்காதவன் பெயர் ஒரு புத்தகத்தில். வீட்டுக்காரியிடம் சொன்னேன். “பீரோவுல பாதி அதுங்க. என் துணியெல்லாம் நாற்காலியில கிடக்கு. அந்த அத்தியாயத்துல இதையும் போடச் சொல்லுங்க” என்கிறாள்.

மார்ச் 15, சனி

எட்டு தேறியது. ஒன்று போயிற்று.

போனது ‘சிவப்பு வரி’. நான் முதன்முதலாக வாங்கியது; மற்ற எட்டும் அதன் பின்னால் வந்தவை.

நடந்ததை நிதானமாக எழுதிவைக்கிறேன். ஸ்ட்ராப்பைக் கழற்றினால் உடம்பின் ஓரத்தில் கடிகாரத்தின் எண் இருக்கும். இந்தக் கம்பெனி சில வருடம் மட்டும் அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைப் பின்மூடியின் உள்பக்கத்திலும் வெட்டி வைத்தது. எனக்கு இன்று வரை தெரியாது. உடம்பில் 418. மூடியைத் திருப்பினார். 463.

மனிதர் பேனாவை மூடிவிட்டார். எனக்கு அதுவே போதும். மூடி வேறொரு கடிகாரத்தினுடையது. ஒட்டுப்போட்டதைச் சேர்க்க முடியாது. ஏப்ரல் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் சரியான மூடி கிடைத்தால் கூப்பிடுங்கள், மறுபடி வருகிறேன் என்றார். கிடைக்காது என்றுதான் அவர் நினைப்பு.

ஆனால் அந்த 418 எங்கே இருக்கிறது என்று, அவர் காரில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

மைத்துனன் கையில் இருக்கிறது. வீட்டுக்காரியின் தம்பி, என் பழைய கூட்டாளி.

நாங்கள் ஒன்றாகக் கடை நடத்திய காலத்தில், ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் இரண்டு கடிகாரம் விற்றார். சிவப்பு வரி எனக்கு, சாதாரண வெள்ளை வரி அவனுக்கு. அன்றே கடை மேசையில் ரப்பர் துண்டை வைத்து, வால்வு கழற்றும் ஸ்பேனரால் இரண்டையும் திறந்து பார்த்தோம். மரை போட்ட எதையும் எங்களால் திறக்க முடியும் என்ற திமிர். உள்ளே சக்கரங்கள் ஓடுவதைப் பார்த்து வாய் பிளந்தோம், மூடினோம். மூடும்போது மாறியிருக்கிறது. யார் மூடியது? அவன்தான். அவசரக் குடுக்கை.

அவனோடு பேச்சு நின்று ஆறு வருடம். வால்வு கம்பெனிக்காரன் ஏஜென்சியை ஒரே ஒரு பெயரில்தான் தருவேன் என்றான். என் பெயரைக் கொடுத்தேன். வியாபாரத்தில் அது சரி, இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். போர்டு மாட்டிய அன்று அவன் பாதிச் சரக்கைப் பிரித்துக்கொண்டு போய், நாலு தெரு தள்ளிக் கடை போட்டுவிட்டான்.

நல்லவேளை, மூடி மாறியது அவனுக்குத் தெரியாது. தெரியாதவனிடம் வாங்குவதுதான் வியாபாரம். தரகரை அனுப்பி அவன் கடிகாரத்தையே முழுசாக வாங்கிவிடுகிறேன். அவன் அதைக் கையில் கட்டிக்கொண்டு குழாய் அறுக்கிறவன், சிராய்ப்புக்குக் குறைவிருக்காது. ஒரு சிராய்ப்புக்கு இவ்வளவு என்று கழித்துவிடலாம்.

மார்ச் 22, சனி

தரகர் வெறுங்கையோடு வந்தார்.

“நல்ல விலைதான் சொன்னேன் ஐயா. விக்கிறதுக்கில்லேன்னுட்டாரு.”

“மூடியைப் பார்த்தீரா?”

“கழட்டிக் குடுத்தாரு, பார்த்தேன். பின்னாடி ஏதோ எழுத்து மாதிரி இருந்துச்சு. கண்ணாடியை வண்டியிலயே வெச்சுட்டேன்.”

எழுத்து இருக்காமல் என்ன, எல்லாக் கம்பெனியும் ஏதாவது வெட்டத்தான் செய்யும். கண்ணாடி இல்லாமல் சரக்குப் பார்க்கப் போன மகானுக்கு வண்டிச்சத்தமும் கொடுத்தேன். விலையை ஏற்றிச் சொல்லி மறுபடி அனுப்புகிறேன்.

மார்ச் 29, சனி

குட்டு வெளிப்பட்டுவிட்டது. மைத்துனன் தரகரிடம் சொல்லி அனுப்பியது இது: “வாங்குறவரையே நேர்ல வரச் சொல்லுங்க. அப்படியே எங்க அக்கா சௌக்கியமான்னும் அவரைக் கேளுங்க.”

ஏப்ரல் 2, புதன்

நான் போவதா? அந்தக் கடைப் படியில்? நடக்காது.

ஏப்ரல் 5, சனி

எட்டுக் கடிகாரத்தையும் எடுத்துத் துடைத்து வைத்தேன். எட்டு என்பது ஒரு எண்ணா? ஒன்பது என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

வீட்டுக்காரி கதவோரம் நின்றுகொண்டு சொன்னாள்: “அவன் வரமாட்டான். நீங்களும் போகமாட்டீங்க. அந்த மூடிக்குக் கால் இருந்திருந்தா அதுவாவது வந்திருக்கும்.”

“நீ போய்க் கேளேன்.”

“நான் எதுக்கு? எனக்கு மணி பார்க்கச் சுவர்க் கடிகாரம் இருக்கு.”

ஏப்ரல் 7, திங்கள்

போய்விட்டேன்.

சிவப்பு வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விலை கேட்க வந்தவன் மாதிரி நுழைந்தேன். கடை நன்றாக இருக்கிறது. குழாய்களை அளவு வாரியாக நிறுத்தியிருக்கிறான். என்னிடம் இருந்தபோது எத்தனை தரம் சொல்லியும் செய்யாத காரியம். தொப்பை போட்டிருக்கிறது. கையில் வெள்ளை வரி.

“வாங்க அத்தான்” என்றான். நேற்று சாயங்காலம் பிரிந்தவன் மாதிரி. டீ வந்தது.

சுற்றி வளைக்கவில்லை. மூடி மாறிய கதையைச் சொன்னேன், தொகையும் சொன்னேன். அவன் சிரித்தான். “காசெல்லாம் எதுக்கு? மூடிக்கு மூடி. எடுத்துக்குங்க.”

பேரமே பேசாமல் கொடுக்கிறவனிடம் நான் ஜென்மத்தில் சரக்கு எடுத்ததில்லை. ஆனாலும் ஆசை யாரை விட்டது?

எதிர்வரிசையில் வாட்ச் ரிப்பேர்க்காரர். இரண்டையும் திறந்தார். அவன் மூடியின் உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 418! பிறகு மூடியைத் திருப்பினேன்.

கம்பெனி எழுத்தில்லை. நல்ல கை தேர்ந்த எவனோ அழகாக, ஆழமாக வெட்டியிருந்தான்:

அத்தானை நம்பாதே.

ரிப்பேர்க்காரர் தூசியே இல்லாத டயலை ஊதிக்கொண்டிருந்தார்.

“எப்படா வெட்டினே இதை?”

“நீங்க ஏஜென்சி போர்டு மாட்டின அன்னிக்கு.”

“அதுக்கு என் மூடிதான் கெடச்சுதா?”

“அது உங்க மூடின்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என் மூடின்னு நெனச்சுல்ல வெட்டினேன்.”

“ஒழுங்கா மூடியிருந்தா மாறியிருக்குமா?”

“மூடினது நீங்க. நான் ஸ்பேனரைத்தான் பிடிச்சிட்டிருந்தேன்.”

“பொய் சொல்லாதே.”

“யாரு, நானா பொய்?” — இப்போது அவன் சிரிக்கவில்லை. “ஒரு பேருதான் போடணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. உங்க பேரையே போடச் சொல்லியிருப்பேன் அத்தான்.”

“கேட்டு, நீ வேணாம்னு சொல்லியிருந்தா?”

“அதான். என்னையே நம்பாத அந்த நெனப்பைத்தான் வெட்டி வெச்சிருக்கேன்.”

லென்ஸைத் துடைத்து ரிப்பேர்க்காரர் மேசையில் வைத்தேன்.

ரிப்பேர்க்காரர் இரண்டு மூடியையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு, “எதுக்கு எதுன்னு யாராவது சொன்னா நான் சாப்பிடப் போவேன்” என்றார்.

எண்ணுக்கு எண் போடுங்கள் என்றேன். வெளியே வந்ததும் மைத்துனன் தோளைத் தட்டினான். “பிடிக்கலேன்னா பாலிஷ் போட்டு அழிச்சுக்குங்க. இப்ப அது உங்க சாமான்.”

பாவி. பாலிஷ் போட்டால் புத்தகம் போச்சு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நான்தானே டீ குடிக்கும்போது சொல்லித் தொலைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வீட்டுக்காரியிடம் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர், நாற்காலியில் துணி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“வெட்டின மறுநாளே கொண்டுவந்து காட்டினான்.”

“ஏன் சொல்லலே?”

“சொல்லியிருந்தா என்ன விலை குடுத்தாவது வாங்கி உருக்கியிருப்பீங்க.”

உருக்கியிருப்பேன்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

பாலிஷ்காரனைக் கூப்பிடப் போன் எடுத்தேன், வைத்தேன். பிறகு நம்பரைப் போட்டே விட்டேன். அவன் எடுப்பதற்குள் துண்டித்தேன். ஒரு தேய்ப்பு, எழுத்து போய்விடும். கூடவே மூடி மெலிந்து, விளிம்பு மழுங்கி, புத்தகக்காரர் கண்ணுக்கு எட்டடி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

எழுத்தோடு கொடுத்தால்? என் பெயரில் அத்தியாயம், அதன் நடுவில் என்னை நம்பாதே என்று என் சரக்கே சாட்சி.

இத்தனை வருட வியாபாரத்தில், ஓட்டை வால்வுக்குப் பெயிண்ட் அடித்து விற்றதில்லை. ஓட்டை என்றால் ஓட்டை என்று சொல்லித்தான் விற்றேன், அதற்கும் ஆள் வந்தான். இன்றைக்கு என் மேல் உள்ள ஓட்டைக்குப் பெயிண்ட் தேடுகிறேன். கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. கேட்காதது லாபம் என்று அன்றைக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

மூடி அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 19, சனி

புத்தகக்காரர் வந்தார். உள்ளே 418 பார்த்ததும் அந்த மனிதர் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். வெளிப்பக்க எழுத்தைப் பார்த்ததும் இன்னும் சந்தோஷம். உரிமையாளர் வெட்டிய எழுத்து கடிகாரத்தின் சரித்திரமாம், அழிக்காமல் வைத்ததற்கு நன்றி என்றார். நம் எழுத்து அவருக்குப் படிக்க வராது. பேனாவைத் திறந்துகொண்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

‘உழைப்பே உயர்வு’ என்று சொல்லியிருக்கலாம். யார் கண்டது? அடுத்த அறையில் வீட்டுக்காரி பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிட்டாள்.

மைத்துனனுக்குப் போன் போட்டு, “எழுதினவன் நீ, நீயே சொல்லு” என்று அவரிடம் கொடுத்தேன்.

அவன் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். மனிதர் எழுதிக்கொண்டே குலுங்கிச் சிரித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யார் அந்த அத்தான் என்றார்.

நான்தான் என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

மைத்துனன் போன் செய்தான். இரண்டு அங்குல வால்வு தீர்ந்துவிட்டதாம், அவசரமாம். அனுப்பினேன், அசல் விலைக்கு. பாரம் ஏற்றியவன் என்னை ஒருமாதிரி பார்த்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. அத்தியாயம் பதினொரு பக்கம். சிவப்பு வரியின் முகத்துக்கு அரைப் பக்கம், பின்மூடிக்கு முழுப் பக்கம்! கீழே அர்த்தம், யார் வெட்டியது, யாருக்காக, எல்லாம் போட்டிருக்கிறது. எனக்கு முன்பின் தெரியாத சேகரிப்பாளர்கள் எல்லாம் கூப்பிடுகிறார்கள். இந்த உலகத்தில் அரிய கடிகாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப்பெயர் வைப்பார்கள். என்னுடைய சிவப்பு வரிக்கும் வைத்துவிட்டார்கள்: ‘அத்தான்’. நேற்று ஒருவன் அரைகுறை உச்சரிப்பில், “அத்தான் விலைக்கு வருமா?” என்கிறான். வராது என்றேன். அத்தானுக்கு எப்போதுமே விலை அதிகம்.

மைத்துனன் மத்தியானம் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டான். புத்தகத்தை அவன் அக்கா சத்தம் போட்டுப் படிக்க, அவன் தலையைக் குனிந்துகொண்டு மோர் ஊற்றிக்கொண்டான். பிறகு தன் கடிகாரத்தைக் கழற்றி எனக்கு முன்னால் திருப்பி வைத்தான். உள்ளே 463 வெட்டிய அவன் சொந்த மூடி, வெளியே ஒரு கீறல் இல்லை.

“இது மொட்டையா இருக்கு அத்தான். என்ன வெட்டலாம், நீங்களே சொல்லுங்க.”

இப்போதைக்கு ஒன்றும் வெட்டாதே என்றேன். நாளைக்குக் காலையில் மோட்டார் கம்பெனிக்காரன் ஏஜென்சி பேச வருகிறான். ஒரு பெயர்தான் போடுவேன் என்று இவனும் சொன்னால் என்ன செய்வது என்று, சாப்பிட்ட கையோடு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.