தேதியின் மேல் வைத்த பொட்டு

நவம்பர் 3, திங்கள்

மார்க்கையன்கோட்டை வாய்க்கால் பாலத்தில் ஒரு புது ஜோடியைப் பிடித்தேன். அவன் மொபெட் ஓட்டுகிறான். அவள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் முழுச் சிலிண்டரைப் பிள்ளை மாதிரி படுக்கவைத்துக்கொண்டு வருகிறாள். குறுக்கே போய் நிறுத்தினேன்.

"ஏம்மா, இதைப் படுக்கவச்சுக் கொண்டுபோகக் கூடாது. நிமிந்து நிக்கணும். படுத்தா உள்ள இருக்க திரவம் வாய்க்கு வந்துரும். கசிஞ்சா ரெண்டு பேரும் பஸ்பம்."

"நிக்கவச்சா இவுக முதுகு மறைக்குதுண்ணே" என்றாள்.

முதுகு பார்க்கிற காலம். பார்க்கட்டும்.

சிலிண்டரை என் வண்டியில் ஏற்றிப் போய் அவர்கள் வீட்டில் இறக்கினேன். சிலிண்டரை மட்டும். கேஸ் வண்டியில் டிரைவரும் லோடுமேனும் தவிர வேறு ஆள் ஏறக் கூடாது. லோடுமேன் ஒச்சாண்டி திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டதால் இப்போது இரண்டு பேரும் நானே. சின்னமனூரில் பேசிப் பேசியே 'ஊர்வாய் தங்கபாண்டி' என்று பெயர் வாங்கியவனுக்குப் பக்கத்து சீட் காலியாகவே ஓடுகிற வேலை. யார் போட்ட திட்டமோ.

நவம்பர் 5, புதன்

உத்தமபாளையத்தில் ஒரு அதிகாரி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். தீயணைப்பான் இருக்கிறதா, இருக்கிறது. சிலிண்டர் மூடிகள் நூலோடு இருக்கின்றனவா, இருக்கின்றன. அபாயப் பொருள் ஏற்றும் லைசென்ஸ், அதுவும் உண்டு. பிறகு பின்பக்கம் போனவர் கூப்பிட்டார்.

"என்னய்யா இது, ஸ்டிக்கரைக் காணோம்?"

தீச்சுடர் போட்ட சிவப்புக் கட்டம். அதற்கு மேல் ஆயுத பூஜைக்கு முதலாளி அப்பிய சந்தனம், அதன் நடுவில் ரூபாய் நாணய அளவுக்குக் குங்குமம். கீழே அவசர போன் நம்பர் மீது மூன்று பட்டை திருநீறு.

"சார், சாமி கும்பிட்டதுங்க."

"நெருப்புன்னு எழுதுனதை மறைச்சுட்டு நெருப்பைக் கும்பிட்டீகளாக்கும். சுரண்டு."

ஐந்து விரல் நகத்தாலும் சுரண்டினேன். அவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். நல்ல மனிதர், அபராதம் போடவில்லை. முதலாளியிடம் சொன்னால், "பொட்டை அழிச்சியா?" என்று என்னிடம் பாய்கிறார்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஓடுவது, எரிவது, அரைப்பது எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. என் வீட்டிலும் அப்படித்தான். புது சிலிண்டர் வந்தால் என் மனைவி உமாதேவி அதற்கு ஒரு சந்தனம், ஒரு குங்குமம் வைக்காமல் அடுப்பில் மாட்ட விட மாட்டாள். மாசியில் எங்கள் மகள் ஓவியாவின் பிரசவத்துக்கு, கேரள எல்லை தாண்டி வண்டன்மேட்டுக்கு மலையேறும் முன்னால் உமா மாட்டிவிட்டுப் போன சிலிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் போடுவது காலைக் காபி. மற்றதெல்லாம் ஹோட்டல். இருவர் இருந்தபோது ஒன்றரை மாதத்தில் தீர்ந்துபோகும்.

பொட்டு காய்ந்து வெடித்திருக்கிறது. உதிரவில்லை.

நவம்பர் 8, சனி

குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டம் வருகிற சனிக்கிழமை. எள் விளக்கு விற்கிற மாயக்காள் கூடையோடு முல்லையாற்றுப் பாலத்தில் நின்று கை காட்டினாள். நிறுத்தாமல் போனால் அடுத்த வாரம் வரை ஏசுவாள். நிறுத்தினேன்.

"ஏற்ற முடியாது ஆத்தா. ரூல்."

"முப்பது சிலிண்டர் உக்காந்து போகுது. நான் ஒருத்தி உக்காந்தா வண்டி சாஞ்சிருமா?"

"உங்கிட்ட தீப்பெட்டி இருக்கு."

"உன் வாயைவிடவா?"

அதோடு விட்டாளா? "பொண்டாட்டிய மலையில விட்டுட்டு ஒத்த சீட்ட அடைகாக்குறான் பாரு" என்று பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அது உண்மை என்று ஆகிவிடுமே.

நவம்பர் 9, ஞாயிறு

உமா போன் செய்தாள். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாளாம். மலையில் விடாத மழையாம். விறகு நனைந்து புகைகிறதாம், பிள்ளைக்குச் சளியாம்.

பிறகு சாதாரணமாக, தேங்காய் இருந்தால் இரண்டு கொடுத்துவிடுங்கள் என்பது போல: "நம்ம வீட்டு சிலிண்டரையும் அடுப்பையும் இங்கன கொண்டாந்து குடுத்துருங்க. அங்கன நீங்க எங்க சமைக்கப் போறீக?"

"பார்ப்போம்" என்றேன்.

அடுப்பு எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வாங்கியது. அது மேலே போனால் இந்த வீட்டில் அவள் எதற்குத் திரும்பி வர வேண்டும்? என்னைப் பார்க்கவா? நல்ல தமாஷ்.

நவம்பர் 10, திங்கள்

இன்று போனில் உமாவுக்குச் சட்டம் ஒப்பித்தேன். நானே வியந்துவிட்டேன், எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறேன்! பஸ்ஸில் சிலிண்டர் ஏற்றக் கூடாது. ஆட்கள் போகிற ஜீப்பில் கூடாது. மூடிய வண்டியில், டிக்கியில் கூடாது. நிமிர்ந்த நிலையில்தான், கட்டித்தான், மூடி போட்டுத்தான். மலை வளைவில் உருண்டால் ஊர் சாம்பல்.

"இம்புட்டு இருக்கா?" என்றாள் உமா.

"இன்னும் இருக்கு."

இன்னும் ஒன்று இருந்தது உண்மைதான். ஊர் மாறுகிறவர்கள் சிலிண்டரைச் சுமக்கவே வேண்டாம். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இங்கே ஏஜென்சியில் ஒப்படைத்தால் ஒரு சீட்டு தருவார்கள். அங்கே அதைக் காட்டினால் அங்கேயே ஒரு சிலிண்டர். அடுப்பு இரும்பும் கண்ணாடியும்தான், அதை எந்த பஸ்ஸிலும் ஏற்றலாம். தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறேன் இதை.

அவளுக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மருமகன் அஜய்குமார் பேசினான். ஏலக்காய் எடுக்கக் கம்பத்தில் இருந்து விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போகிற ஜீப் தெரிந்தவனுடையதாம். "சாக்கு சுத்திக் காலுக்கு அடியில போட்டுருவோம் மாமா. யாரு பாக்கப் போறா?"

இருபது பெண்கள் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்து கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறுவார்கள். அவர்கள் காலடியில் என் சிலிண்டர். மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். இந்த ஒரு முறை நான் சொன்னது வெறும் சாக்கு இல்லை. ஆனால் எனக்கே என் குரலில் எது சட்டம், எது சாக்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மழை. காபி திரிந்துவிட்டது. குடித்தேன்.

நவம்பர் 20, வியாழன்

சும்மா உட்கார்ந்து யோசித்தேன். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரியும். சிலிண்டர் இறக்கப் போனால் அடுப்படி வரை விடுகிறார்கள். மளிகைக்கடைக்காரர் மாமியாரோடு பேசுவதில்லை. வாத்தியார் வீட்டில் சமையல் வாத்தியார். எல்லாவற்றையும் டீக்கடையில் ஏற்ற இறக்கத்தோடு சொல்வேன், நடித்தும் காட்டுவேன். வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது வாயையும் சேர்த்து மாட்டிவிடுவேன்.

"ஊருக்கெல்லாம் பேசித் தீத்துட்டு எனக்குக் காலி சிலிண்டரா வந்து நிக்கிறீக" என்று உமா ஒரு தடவை சொன்னாள். நன்றாக இருக்கிறதே என்று மறுநாள் அதையும் டீக்கடையில் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

என்ன மனுசன் நான்.

நவம்பர் 27, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

ஏஜென்சி கவுண்டரில் இருக்கிற பிரின்சி வாசலிலேயே பிடித்தாள். "அண்ணே, உமாக்கா போன் பண்ணாக. மலைக்கு சிலிண்டர் கொண்டுபோக என்ன வழின்னு கேட்டாக. கொண்டுபோகவே வேணாம், ஒப்படைச்சா சீட்டுத் தருவோம்னு சொன்னேன். அப்படியான்னு ரெண்டு தடவ கேட்டாக. ஏண்ணே, நீங்க சொல்லலையா?"

இல்லை பிரின்சி. உன் அண்ணனுக்கு அந்த ஒரு ரூல் மட்டும் மறந்துவிட்டது.

சாயங்காலம் உமா அழைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"பிள்ளை புகையில இருமுதுன்னு சொன்னேன்ல?"

"ம்."

"தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்தீகளா?"

"ம்."

"இந்த 'ம்'முக்குத்தான் நான் மலையில கிடக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 28, வெள்ளி

வீட்டில் என்னவோ நாறுகிறது என்று அடுப்படி வரை போய் மோந்து பார்த்தேன். கேஸ் நாற்றம் இல்லை. அது என்றால் ரெகுலேட்டரை மூடலாம்.

நவம்பர் 30, ஞாயிறு

நாளை ஒப்படைக்கும்போது சிலிண்டரின் சோதனைத் தேதியை பிரின்சி கேட்பாள். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்குகிற பட்டை ஒன்றின் உள்பக்கம் ஒரு ஆங்கில எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தக் காலத்துக்குள் இரும்பைத் திரும்பச் சோதிக்க வேண்டும். கேஸ் கெடும் தேதி என்றே பாதிப் பேர் நினைக்கிறார்கள். கேஸ் கெடாது, அதைப் பிடித்து வைத்திருக்கிற உடம்புதான் நாளாக ஆகத் தளரும். வீடு வீடாக இதைச் சொல்லித் தொண்டை வறண்டவன் நான். என் வீட்டு சிலிண்டரில் குனிந்து பார்த்ததில்லை.

இன்று குனிந்தேன். தேதி தெரியவில்லை. உமா சரியாக அந்த எழுத்தின் மேலேயே பொட்டு வைத்திருக்கிறாள். தேதி பார்க்க வேண்டுமானால் பொட்டை அழிக்க வேண்டும்.

கையில் ஈரத்துணியோடு சமையலறையில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். அந்த அதிகாரி சொன்னதும் ஐந்து விரலாலும் சுரண்டியவன்.

துடைத்தேன். சி-25. செப்டம்பரோடு முடிந்திருக்கிறது. ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டில், கெடு தாண்டிய சிலிண்டர் பொட்டோடு நிற்கிறது.

போன் எடுத்தேன். அவள் "என்ன?" என்றாள். உடனே சொல்லாவிட்டால் 'ம்' வந்துவிடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். "சிலிண்டர் போயிருச்சுன்னா நீ வரமாட்டேன்னு பயந்துட்டேன் உமா. அதான் சொல்லல. புள்ளைக்கு இருமல்னு தெரிஞ்சும் சொல்லல. தப்புத்தான்."

அந்தப் பக்கம் "இவளைப் பிடி" என்று ஓவியாவிடம் பிள்ளையைக் கொடுப்பது கேட்டது.

"அடுப்பைத் துடைச்சுக் கொண்டாங்க" என்றாள் கடைசியில். "பர்னர்ல எண்ணெய் இருக்கும்."

டிசம்பர் 1, திங்கள்

ஒப்படைத்தேன். என் வண்டியிலேயே, நிமிர்த்தி, கட்டி, மூடி போட்டுக் கொண்டுபோனேன். பிரின்சி சீட்டு எழுதும்போது தலை நிமிரவில்லை. நல்ல பெண்.

சமையலறைத் தரையில் வட்டமாகத் துரு. தேய்த்தேன், போகவில்லை. அதன் மேல் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

நேற்று மலையேறினேன். எழுதியே ஆக வேண்டும்.

மடியில் அடுப்பு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆள்! ஏறினதிலிருந்து அவர் காதை விடவில்லை. பாவம், தன் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சீட்டைக் காட்டியதும் அங்கே சிலிண்டர் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிற கேஸ் வண்டி நின்றது, அதிலேயே ஏற்றினார்கள். ஓவியா வீடு எஸ்டேட் ரோட்டில் மேலே இருக்கிறது. கொட்டுகிற மழை. நானும் அடுப்போடு முன் கதவைத் திறந்து காலை வைத்தேன்.

டிரைவர் மலையாளப் பொடியன்தான். கையை நீட்டித் தடுத்தான். "சேட்டா, ஆளெ கேற்றான் பாடில்லா." ஆள் ஏற்றக் கூடாதாம்.

"தம்பி, நானும் கேஸ் வண்டி டிரைவர்தான்."

"அப்போ அறியாமல்லோ", அப்படியென்றால் உங்களுக்கே தெரியுமே, என்று சிரித்துக்கொண்டே, கதவில் ஒட்டியிருந்த சிவப்புக் கட்டத்தைத் தட்டிக் காட்டினான். அவன் வண்டியில் பொட்டு இல்லை. பளிச்சென்று இருந்தது.

மாயக்காள் பார்த்திருந்தால் சனீஸ்வரனுக்கு நூறு விளக்கு இலவசமாக ஏற்றியிருப்பாள்.

வண்டி முன்னே போக, நான் தலையில் அடுப்பைக் கவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே மழையில் ஏறினேன். மூச்சு வாங்கி வாசலில் போய் நின்றபோது, சிலிண்டர் எனக்கு முன்பே வந்து நனையாமல் நின்றுகொண்டிருந்தது. உமா என்னைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"அந்த வண்டியிலயே வந்திருக்கலாம்ல?"

"ஏத்த மாட்டேன்னுட்டான். ரூலாம்."

வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஓவியா உள்ளிருந்து "என்னம்மா?" என்று ஓடிவந்தாள். பேத்தி பயந்து அழுதாள். இந்தச் சிரிப்பை நான் டீக்கடையில்தான் வாங்கியிருக்கிறேன், வீட்டில் வாங்கியதில்லை.

பிறகு சந்தனம் குழைத்தாள். வைக்கும் முன் குனிந்து வளையத்தின் உள்ளே பார்த்தாள். "இதானே தேதி?" என்று கேட்டுவிட்டு, தள்ளி, பக்கத்துப் பட்டையில் வைத்தாள்.

திரும்பும்போது "வா" என்று நான் கேட்கவில்லை. "பிள்ளை நடக்கட்டும், பாப்போம்" என்று அவளே சொன்னாள். பஸ்ஸில் பக்கத்து சீட் காலி.

டிசம்பர் 13, சனி

மாயக்காளை இன்றும் ஏற்றவில்லை. ஆனால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நின்று, மலையில் நடந்ததைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அவளுக்குப் போன் பண்ணிப் பேசு, எங்கிட்ட ஏன் சொல்ற?" என்றாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

மின் அடுப்பு வாங்கினேன். அதிலும் காபி திரிகிறது. கேஸ் மேல் பழி இல்லை.

சாயங்காலம் உமாவுக்குப் போன் செய்து மளிகைக்கடை மாமியார் விவகாரத்தைச் சொன்னேன். "இதை இத்தனை வருசமா யார்ட்டச் சொல்லிக்கிட்டு இருந்தீக?" என்று கேட்டாள். மாமியார் மாதிரியே நடித்துக் காட்டினேன். போனில் நடிப்பது கஷ்டம்.

டிசம்பர் 24, புதன்

இரண்டு வரிதான். குச்சனூர் ரோட்டில் ஒரு கூத்து. விவரம் உமாவிடம்.

ஜனவரி 4, ஞாயிறு

வீடு அப்படியேதான் இருக்கிறது. குடம் அந்த வட்டத்தின் மேல்தான் இருக்கிறது. பேத்தி இன்னும் நடக்கவில்லை.

எழுத உட்கார்ந்தேன். எழுத ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.