ஒன்றாம் வகுப்பை விட்டு வெளியே

பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் சென்டரில் இன்று காலை உட்கார்ந்திருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, முழுவதும் குடித்துவிட்டு சிறுநீர் நன்றாக முட்டும்போது சொல்லுங்கள் என்றாள். பயப்பட ஒன்றுமில்லை, என் வயதில் எல்லோரும் எடுத்துக்கொள்வதுதான். ஆனால் மூடியைத் திருகிய கை அப்படியே நின்றுவிட்டது. உங்களுக்கும் அன்று இப்படி ஒரு பாட்டிலைத்தான் கொடுத்திருப்பார்கள், மிஸ். உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பள்ளியில் எல்லோருக்கும் எல்லோரும் மிஸ். இனி அதை மாற்றிக்கொள்ளத் தேவையும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேபில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது வெளியே வந்து நின்றவள் நான். கையில் எம்.எஸ்சி. வேதியியல் இருந்தது. அந்த வயதில் அதை வைத்துக்கொண்டு எங்கேயும் நுழைய முடியவில்லை. ஆவடியில் ஒரு நிறுவனத்தில் சிறுபிள்ளை ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். என் மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து அட்டையில் யானை வெட்டினேன். குழந்தையின் மனம் மலர்வதைப் பற்றி அங்கே நிறையச் சொன்னார்கள். நம்பியும் நம்பாமலும் எழுதிக்கொண்டேன். பிறகு வகுப்பறைப் பயிற்சிக்கென்று பட்டாபிராமில் ஒரு சின்னப் பள்ளிக்கு, உங்கள் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் உங்களுக்குச் சங்கடமாகிவிட்டது.

"என்னவிடப் பெரியவங்க நீங்க. உங்களுக்குப் போயி நான் இன்னான்னு மார்க்கு போடறது?"

பிள்ளைகளிடம் 'என்ன' என்றுதான் பேசுவீர்கள். என்னிடம் முதல் நாளே 'இன்னா' வந்துவிட்டது. பாரிவாக்கத்தில் உங்கள் அம்மா நாற்று நட்ட வயல் இப்போது பிளாட் ஆகிவிட்டதென்றும், அந்த வீட்டில் முதன்முதலாக டீச்சர் ஆனது நீங்கள்தான் என்றும் சொன்னீர்கள். நான் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆரம்ப நாட்களில் என் வேலை கடைசி வரிசையில் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து உங்களைக் கவனிப்பது. லேபில் பழகிய கண்ணுக்கு, கவனிக்கச் சொல்லாததுதான் முதலில் தட்டுப்பட்டது. நீங்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை. பாட்டில் மேஜைமேல் இருக்கும். தொண்டை கரகரத்தால் ஒரு வாய் எடுத்து நனைத்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான். காலை பிரேயரிலிருந்து கடைசி வேன் போகும்வரை நீங்கள் அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. மதியச் சாப்பாடும் அங்கேயேதான், பிள்ளைகளின் டப்பாக்களைத் திறந்துகொடுத்தபடி.

காரணத்தை நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எப்போதோ ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று கேட்டைத் தாண்டிப் போய்த் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்ததாம். யாரோ கண்டு தூக்கி வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து தாளாளர் போட்ட சட்டம், ஒன்றாம் வகுப்பை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது. சட்டத்தில் தப்புச் சொல்ல முடியாது. மாற்றி நிற்க ஆள்தான் கிடையாது. இருக்கும் ஒரே ஆயாவுக்கு கேட்டில் வேலை. டாய்லெட்டோ வேன் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. நீங்கள் கண்டுபிடித்த வழி தண்ணீரை நிறுத்துவது.

நான்தான் இருக்கிறேனே, போய்வாருங்கள் என்றேன். அதற்கும் ஒரு பூட்டு இருந்தது. பயிற்சிக்கு வந்தவரிடம் வகுப்பைத் தனியே விடக்கூடாதென்று எங்கள் நிறுவனமே எழுதிக் கொடுத்திருந்தது. மீறினால் என் பயிற்சி ரத்து. ஆக அறையில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தும், நான் மட்டும் வெளியே போய்வருவேன். நான் உள்ளே வரும்போது நீங்கள் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நிற்பீர்கள்.

கார்த்திகை மழை முடிந்த சமயம் உங்கள் முகம் வெளுக்க ஆரம்பித்தது. மாதக்கணக்கில் விட்டுவிட்டு ரத்தப்போக்கு என்று ஒருநாள் மெல்லச் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்குத் திருமழிசையில் வேலை. அவர் கம்பெனியின் காப்பீட்டு அட்டைக்குப் பார்க்கும் மருத்துவமனையில் ஸ்கேன் காலையில் மட்டும்தான். லீவு கேட்டீர்கள். ஆண்டு விழா முடியட்டும் என்றார் தாளாளர். திரும்பவும் கேட்டீர்கள். அதே பதில். வேலையை விட்டுவிடலாமே என்று நான் கேட்டதற்கு, நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வேலை போய் நின்றவளுக்கு அந்தப் பார்வை புரியாமல் போகுமா.

"நாளைக்குப் போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றது நான்தான். யாருக்காகவும் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் அத்தனை காலம் இருந்தவள். யாராவது கேட்டால் பாத்ரூம் போயிருக்கிறார் என்று சொல்வதாகப் பேசிவைத்தோம். மறுநாள் காலை கிளம்பும்போது, "தண்ணி குடிச்சு அடக்கினு வரச் சொல்லிக்கீறாங்க. அது நமக்கு தெனமும் நடக்கறதுதானே" என்று சொல்லிவிட்டுப் பின் கேட் வழியாகப் போனீர்கள்.

நான் புளியங்கொட்டைகளைப் பரப்பி, எது கூட, எது குறைய என்று கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். தாளாளர் எப்போதும் மதியம்தான் சுற்றி வருவார். அன்று காலையிலேயே வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்று குட் மார்னிங் பாடினார்கள். உங்கள் மிஸ் எங்கே என்று என்னைக் கேட்டார். பேசிவைத்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டித் திரும்பியும்விட்டார். அப்போது முன்பெஞ்சு யாழினி எழுந்து நின்றாள்.

"எங்க மிஸ்ஸு பாத்ரூமே போ மாட்டாங்க சார்."

"ஆமா சார்" என்றது மொத்த வகுப்பும். பெருமையாகத்தான் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்த உண்மை அதுதான். பள்ளி திறந்த நாளிலிருந்து நீங்கள் போய் ஒரு குழந்தைகூடப் பார்த்ததில்லை. அத்தனை பேரில் பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

அவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பாடத்தை நடத்தச் சொன்னார். பிள்ளைகள் உதட்டில் விரல் வைத்து அசையாமல் இருந்தார்கள். கூட, குறைய, கூட, குறைய என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு மின்சார ரயில் சென்ட்ரல் பக்கம் போனது, பிறகு இன்னொன்று. எனக்கு முட்டியது. போக முடியாது. வருடக்கணக்கில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் என் உடம்புக்குத் தெரிந்தது.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தீர்கள். வாசலில் அவரைப் பார்த்து நின்றீர்கள். எங்கே போனீர்கள் என்றார்.

"பாத்ரூம் போயிருந்தேன் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். அதற்குமேல் ஒரு பெண்ணிடம் அதைப் பற்றி என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்து போய்விட்டார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் நாம் இருவரும் அன்று சிரித்த மாதிரி நான் வேறு யாரோடும் சிரித்ததில்லை. வழியில் ஒரு முழு இளநீர் குடித்தேன் என்றீர்கள். சாயந்தரம்வரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதான் நீங்க கீறீங்களே."

அடுத்த வாரம் வகுப்பின் மூலையில் கேமரா வந்தது. அதன்பின் நீங்கள் பின் கேட் பக்கம் போகவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு திரும்ப வரச்சொன்ன நாளுக்கும் போகவில்லை. என் பயிற்சி முடிந்தது, நான் வந்துவிட்டேன். நீங்கள் மே விடுமுறையில்தான் மருத்துவமனைக்குப் போனீர்கள். முன்பே வந்திருக்கலாம் என்றார் ஒரு டாக்டர். வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார் மற்றவர். இரண்டில் எதையும் நம்ப என்னால் முடியவில்லை. தெரியாது என்பதோடு இருக்கப் பழகிக்கொண்டேன்.

இரங்கல் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று தாளாளர் பேசினார்.

"இத்தன வருஷத்துல அவங்க ஒரு நிமிஷம்கூட கிளாஸை விட்டு வெளிய போனதில்ல."

யார் பேசி முடித்தாலும் கைதட்டப் பழக்கப்பட்ட பிள்ளைகள் இதற்கும் தட்டினார்கள். டீச்சர்கள் பதறி அடக்கினார்கள். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவர் மறந்துவிட்டார். எனக்கு மறக்கவில்லை. நீங்கள் போனீர்கள், மிஸ். ஒரு காலை முழுக்க வெளியே இருந்தீர்கள்.

ஒன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்ள முடியுமா என்று அவர் என்னைக் கேட்டபோது எனக்கு வேறு வேலை இல்லை. உங்கள் நினைவுக்காக ஒத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது அலங்காரம். ஒன்று மட்டும் கேட்டேன். காலை இடைவேளையில் ஆயா வந்து வாசலில் நிற்க வேண்டும், நான் பாத்ரூம் போக வேண்டும். அந்த வார்த்தையை மெல்லச் சொல்லாமல் சாதாரணமாகவே சொன்னேன். அவர் மேஜையைப் பார்த்தபடி சரி என்றார். அவ்வளவு எளிதாக இருந்தது. அந்த எளிமைதான் இன்றுவரை எனக்குப் பொறுக்கவில்லை.

ஆயா வந்து நின்றதும், மிஸ் பாத்ரூம் போய்வருகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். வேன் ஷெட்டைத் தாண்டி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுகிறேன். ஆனால் காது என்னோடு வருவதில்லை, மிஸ். அது வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறது. பெஞ்சு இழுபடுகிறதா, யாராவது அழுகிறார்களா, ரயில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லாத நாளில் பயம் இன்னும் அதிகம். கையை அரைகுறையாகக் கழுவி, ஈரத்தைச் சேலையில் துடைத்தபடி திரும்புகிறேன். அந்தத் தூரத்தை நான் இதுவரை ஒருநாளும் நடந்து வந்ததில்லை. ஓடித்தான் வருகிறேன்.