மாப்பிள்ளை வீடா, பெண் வீடா?

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போது மட்டும் என்ன புதிதாக? கடிதத்திலும் 'என்னங்க'தான். கூடத்திலிருந்து "என்ன?" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மீதியை நான் சொல்லிக்கொண்டே போவேன். கொடுக்க மாட்டீர்கள். சரி, கேட்காமலே சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். கிள்ளானிலிருந்து சிவா வாரம் தவறாமல் வந்து, "பூட்டிட்டு என்னோட வந்துடுங்கம்மா, தனியா என்ன பண்றீங்க?" என்கிறான். நம் பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்துபோய் டிவியைப் போட்டுவிடுகிறான். நான் அழுதுவிடுவேனாம். அக்கம்பக்கத்தாரும் அப்படித்தான். கொஞ்ச நாள் பேசினார்கள், அப்புறம் உங்கள் பேரே யார் வாயிலும் வருவதில்லை. அழுகை வந்தால் வரட்டுமே, என்ன குடிமுழுகிப் போகிறது? உங்களைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைக்காதா என்று ஏங்கிப் போயிருந்தேன்.

மாடி அறை பூட்டிக் கிடந்தது. அதற்குப் பூட்டு வாங்கியதே நீங்கள் போன பிறகுதான். எத்தனை பேர் தங்கிய அறை! பல்கலைக்கழகத்துக்குப் பரிமாற்றத் திட்டத்தில் வருகிற வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு விசா வேலை பார்ப்பது உங்கள் உத்தியோகம். சுபாங் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருவதும், குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நிற்பதும் சம்பளத்துக்குச் செய்த வேலை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை, அதுதான் சாப், அடிக்கும்வரை விடுதியில் அறை கிடைக்காது என்று, அதுவரை அவர்களை நம் வீட்டுக்குக் கூட்டி வந்தீர்களே, அது யார் சொல்லிச் செய்தது? "பாவம் லா. ஊர் தெரியாது, பாஷை தெரியாது. ஓட்டல்ல போய் எப்படி இருப்பாரு?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடுவீர்கள். நான் உலையில் கொஞ்சம் அரிசியைக் கூட்டிப் போடுவேன்.

பீட்டரை நினைவிருக்கிறதா? நெதர்லாந்துக்காரர். கேரி தீவுத் தோட்டங்களில் தமிழர்களின் உறவுமுறைகளை ஆராய வந்தவர். ஒருநாள் காலை பசியாற உட்கார்ந்தபோது என்னை "அக்கா" என்றார், உங்களை "அண்ணே" என்றார். பாசாரில் கேட்டுப் பழகியது. மீன் விற்பவர் முதல் டாக்சி ஓட்டுபவர் வரை இங்கே எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? ஒருத்தருக்கும் உறைத்ததில்லை. உங்களுக்கு உறைத்தது.

இடியாப்பத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "தம்பி, நான் அண்ணே, இவங்க அக்கான்னா, நானும் இவங்களும் யாரு?" என்று கேட்டீர்கள்.

மனிதர் யோசித்தார். முகமெல்லாம் சிவந்துபோனது. "ஐயோ, சாரி, சாரி!"

"உறவுமுறை படிக்க வந்துட்டு, வந்ததும் வராததுமா எங்கள அண்ணன் தங்கச்சியா ஆக்கிட்டீங்களே! ஒழுங்கா முடிவு பண்ணுங்க. மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா? மாப்பிள்ளை வீடுன்னா நான் அண்ணன், இவங்க அண்ணி. பொண்ணு வீடுன்னா இவங்க அக்கா, நான் மாமா."

பீட்டர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடியாப்பத்தைப் பார்த்தார். "பொண்ணு வீடு" என்றார்.

அன்றிலிருந்து அது நம் வீட்டுச் சட்டமாகிவிட்டது. பெட்டியை இறக்கிவைத்ததும் இந்தக் கேள்விதான். ஜப்பானிலிருந்து வந்த மிச்சிகோ பெண் வீடு. கெய்ரோவிலிருந்து வந்த பேராசிரியர் யூசுப் உங்களைவிட மூத்தவர், அவரும் என்னை அக்கா என்றார். "எல்லாம் உன் குழம்புக்கு மயங்கின கூட்டம். உலகம் பூரா எனக்கு மச்சானும் மச்சினிச்சியும்தான். ஒரு தம்பி உண்டா?" என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த உங்களுக்கு அந்தக் கோபம் முழுக்க விளையாட்டில்லை என்பது எனக்குத் தெரியும்.

இனி இப்போதைய சேதி. போன மாதம் கமலா போன் செய்தாள். அலுவலகத்தில் உங்கள் நாற்காலியில் இப்போது அவள்தான். "ஆன்டி, கொரியாவுலேர்ந்து ஒருத்தர் வந்திருக்காரு. கிள்ளான் துறைமுகத்தப் பத்தி ஆராய்ச்சி. சாப் இன்னும் கிடைக்கல. கொஞ்ச நாள் மட்டும் லா, ஆன்டி. அங்கிள் ஆரம்பிச்சு வச்ச விசா இது."

முடியாதும்மா என்று வைத்துவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற நீங்கள் இல்லை. எந்தப் பக்கம் என்று கேட்டுச் சிரிக்கவும் நீங்கள் இல்லை. அப்புறம் அந்த அறை எதற்கு, வீடுதான் எதற்கு? அன்றைக்கே சிவாவிடம் கிள்ளானுக்கு வருகிறேன் என்றேன். அவன் சாமான் ஏற்ற லோரிக்குச் சொல்லிவைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே ஓர் இளைஞர் வந்து நின்றார். கையில் பழப்பை. சப்பாத்தைத் தெருவிலேயே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

"அண்ணி" என்றார்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அண்ணி" என்றார் மறுபடியும்.

அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மீதியை ஆங்கிலத்தில் சொன்னார். விசா விஷயமாக நீங்கள் அவருக்குப் போன் செய்வீர்களாம். ஒருமுறை போனிலேயே எந்தப் பக்கம் என்று கேட்டு, முறைகளையும் சொல்லிக் கொடுத்தீர்களாம். தனக்கு அண்ணன் கிடையாது, அதனால் மாப்பிள்ளை வீடு என்றாராம். நீங்கள் சிரித்தீர்களாம், நிறுத்தவே இல்லையாம். இப்போது தங்க இடம் கேட்டு வரவில்லை, அண்ணன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தேன் என்றார்.

ஏங்க, என்னிடம் ஏன் சொல்லவில்லை? கடைசியில் ஒரு தம்பி கிடைத்தான் என்று பீற்றிக்கொள்ளாமல் எப்படி இருந்தீர்கள்? நேரில் கொண்டுவந்து நிறுத்தி என் முகத்தைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தீர்களா?

பெயர் ஜின்சூ. பூட்டைத் திறந்துவிட்டேன், மாடியில்தான் இருக்கிறார். சிவாவுக்குக் கோபம். "முன்னப்பின்ன தெரியாத ஆளும்மா" என்றான். "உங்கப்பாவுக்குத் தம்பிடா. உனக்குச் சித்தப்பா" என்றேன். தன்னைவிடச் சின்ன வயது சித்தப்பாவைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. லோரி வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ஜின்சூ தினமும் காலையில் உங்களைப் பற்றிக் கேட்கிறார். அண்ணன் தோசைக்குச் சீனி தொட்டுக்கொள்வாரா? அண்ணன் பாடுவாரா? அண்ணனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்? சொந்தத் தம்பிக்குரிய உரிமையோடு கேட்கிறார். நான் சொல்கிறேன், சொல்லும்போதே அழுகிறேன், அவர் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். அழுது முடித்து மேலே சொல்கிறேன். எவ்வளவு சொன்னாலும் ஆறவில்லை. உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஒரே ஒரு தடவை, இந்தத் தம்பியோடு நீங்கள் உட்கார்ந்து பசியாறுவதைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

நேற்று அவருக்குச் சாப் அடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் விடுதிக்குப் போகிறார். கமலாவிடம் அடுத்து வருகிற ஆளையும் இங்கேயே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கிள்ளானுக்குப் போகமாட்டேன், அறையைப் பூட்டவும் மாட்டேன், இது சத்தியம். சட்டத்தை மட்டும் மாற்றிவிட்டேன். வருகிறவர்களிடம் எந்தப் பக்கம் என்று இனி கேட்கப் போவதில்லை. எனக்குத் தம்பி தங்கைகள் போதும். இனி இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் மாப்பிள்ளை வீட்டார்தான்.

இப்படிக்கு,
உங்கள் தம்பிக்கும், இனி வரப்போகிற உங்கள் தம்பி தங்கைகள் எல்லாருக்கும்
அண்ணி