இரண்டாம் வட்டு

என் மேசைமேல் ஒரு பழைய விசிடி இருக்கிறது. உறையைத் திறந்தால் இன்னும் அந்தப் பிளாஸ்டிக் வாசனை. வட்டின்மேல் மார்க்கரில் ‘2’ என்று எழுதியது நீதான். போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு காப்பிக் கடைக்கு வரச்சொல்லி, உன் மனைவி இதைக் கொடுத்தார்.

“உங்ககிட்ட சேர்த்துடச் சொன்னாருண்ணே. முதல் டிஸ்க் உங்ககிட்டதான் இருக்காம்லா.”

இருக்கிறது. முகமூடிக்காரன் ஒருவன் கத்தியோடு பள்ளிப் பிள்ளைகளைத் துரத்தும் படங்களையெல்லாம் கேலி செய்த படம். ஒருத்தன் மட்டும் தனியாகப் பார்த்துவிடக் கூடாது என்று ஆளுக்கொரு வட்டாகப் பிரித்து வைத்துக்கொண்டோம். உன் பெற்றோர் வேலைக்குப் போன சனிக்கிழமைகளில், தெம்பனிஸில் உன் வீட்டுக்கு முதல் வட்டைச் சட்டைக்குள் மறைத்து எடுத்து வருவேன். சத்தத்தைக் குறைத்துவிட்டு, முகமூடிக்காரனுக்கு நம் தமிழாசிரியர் குரலில் நீ பேசுவாய். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டுக்கொண்டே அவன் கதவை உடைப்பான்.

ஆனால் முதல் தடவை நாம் சிரிக்கவே இல்லை. அசல் கொலைப்படம் ஒன்றைக்கூடப் பார்த்திராத நமக்கு அது கேலி என்று எப்படித் தெரியும்? இரண்டாம் வட்டில் அவன் அலமாரிக்குள்ளிருந்து குதித்தபோது நான் அலறிவிட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வந்து கதவைத் தட்டினார்.

“யார்ட்டயும் சொல்லமாட்டேன்டா,” என்றாய்.

சொன்னாய். உன் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்து, அத்தனை பேருக்கு முன்னால் என்னைப்போல் அலறியும் காட்டினாய். அப்போது எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் வீட்டாரும் சிரித்தார்கள். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் நின்றிருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ள நான் விரும்பியதில்லை. அன்று சாப்பிடாமல் எழுந்து வந்தவன், பிறகு நீ அனுப்பிய எதற்கும் பதில் போடவில்லை. டோபி காட் ரயில் நிலையத்தில் ஒருமுறை நீ ரயிலேறுவதைப் பார்த்து அடுத்த பெட்டிக்கு நகர்ந்தேன். உன் தகனத்துக்கு மண்டாய்க்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று செய்தி வந்தபோதும், படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

நேற்று அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் போட்டேன். இப்போது முழுசாகக் கிடைக்கிறது, வட்டு மாற்ற வேண்டியதில்லை. பாதி நகைச்சுவை மட்டம். ஆசிரியர் குரல் இல்லாத முகமூடிக்காரன் வெறும் ஆளாகத்தான் தெரிந்தான். முதல் வட்டு முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, யாரோ எழுந்து மாற்றப்போகிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

காப்பிக் கடையில் உன் மனைவி உன் ஆஸ்பத்திரி நாள்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ முகம் சுளிக்கக்கூட இல்லையாம். நடுவில் நிறுத்தி, “சின்ன வயசுலயும் அவரு எதுக்கும் பயந்ததில்லை, இல்லண்ணே?” என்று கேட்டார்.

அலமாரி திறந்ததும் நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடி நினைவுக்கு வந்தது. நகம் பதிந்து இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது. மைக்கில் அதை மட்டும் விட்டுவிட்டாய். இத்தனை வருடம் நான் சொல்லக் காத்திருந்தது அதைத்தான். கேட்க வேண்டியவரே எதிரில் உட்கார்ந்து கேட்கிறார்.

“பயந்ததே இல்லம்மா,” என்றேன். “அலறுனது நான்தான்.”

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது இரண்டு வட்டும் என்னிடம் இருக்கின்றன. நீ பயந்ததும் என்னிடம்தான் இருக்கிறது.