முன் மேசை

கண்டி
12.9.1997

அன்பு நண்பா,

குளிக்கச் சவர்க்காரமும் உடுக்க இரண்டு சாரமும் கொடுத்தனுப்பினேன். கிடைத்தனவா? பொலிஸ் சுற்றிவளைப்பில் உன்னைப் பிடித்துப்போய் ஆறு வாரமாகிறது.

நம் முதலீட்டு வங்கியில் நீ முன் மேசையிலிருந்து வாடிக்கையாளருக்காகப் பங்குகளை வாங்குவாய், விற்பாய். நான் உள்ளறையில் அவற்றைச் சரிபார்ப்பேன். என்னையும் முன்னுக்கு எடுக்கும்படி முகாமையாளரிடம் ஐந்து வருடம் கேட்டவன் நீதான்.

சென்ற வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார். உன் இடத்தில் நான் உட்காராவிட்டால் கொழும்பிலிருந்து ஒருவர் வருவார், வந்தவர் பிறகு எழும்பமாட்டார் என்றார். உனக்காகக் காத்து வைப்பதாக நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

கமலாசனி அக்கா தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டா: "கதிரைச் சூடு ஆற முதலே ஏறி இருந்திட்டீர், என்ன?"

அன்றைக்கே ஒரு தேயிலைக் கம்பனியின் பங்குகளை நல்ல விலைக்கு விற்றேன். முகாமையாளர் எல்லோர் முன்னாலும் கைகுலுக்கினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளறையில் என் இடத்துக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார்.

நேற்று உன் வழக்கறிஞர் தொலைபேசியில் பேசினார். "அடுத்த மாசம் விட்டிடுவினம் போல கிடக்கு, தம்பி."

நல்லது ஐயா என்றேன். ரிசீவரை வைத்துவிட்டு, மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்தபடி வெகுநேரம் இருந்தேன்.

உன்
நண்பன்