தப்பாகத் தூக்கிய கை

“ஏன்வே, அதுக்கு மூடியத் திருகச் சொல்லிக் கொடுத்தது யாருவே?”

பல ஆண்டுகளுக்கு முன் ஐந்தருவிக்குப் போகும் வழியில், குளிர்பான பாட்டிலோடு மரத்தில் ஏறிய குரங்கைக் காட்டி என்னிடம் இப்படிக் கேட்டீர். இன்று காலை அதே வழியில் இன்னொரு குரங்கு மூடியைத் திருகி என் காலடியில் எறிந்தது. குற்றாலத்தில் இது தினமும் நடப்பதுதான். எனக்கு மட்டும் உம்மோடு பேச வேண்டும்போல் இருந்தது.

நான் விலங்கியல் வாத்தியார், நீரோ டிரில் சொல்லித்தரும் விளையாட்டு வாத்தியார்; தென்காசியில் ஒரே பள்ளி. கேள்வி கேட்டால் விடுவேனா? “அதுவே கடித்து, உருட்டிக் கண்டுபிடித்திருக்கலாம். அசைவை அப்படியே பார்த்துச் செய்வதில் மனிதனைப்போல் யாருமில்லை” என்றேன். உதாரணமும் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பழம். திறக்கும் முன் தேவையில்லாமல் மூடியில் இரண்டு தட்டு தட்டிக் காட்டினால், சிம்பன்சி அதை விட்டுவிட்டு நேரே பழத்தை எடுக்கும். நம் குழந்தை தட்டிவிட்டுத்தான் எடுக்கும்.

“அப்ப சிம்பன்சிதாம்வே பர்ஸ்ட் ரேங்க்கு!” என்று சிரித்தீர்.

காரணம் தெரியாமலே பார்த்துச் செய்வதால்தான் பேச்சும் பழக்கமும் நமக்கு வந்து சேர்கின்றன என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீர் அருவிக்குள் போய்விட்டீர்.

மறு ஆண்டு உமக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை மடியிலேயே கிடந்தது. பயிற்சி செய்தால் கை மீள வாய்ப்புண்டு, சும்மா விட்டால் கடினம் என்றார் டாக்டர். எனக்கோ உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. ஒருவர் கையைத் தூக்குவதைப் பார்க்கும்போது, நம் மூளையில் கையைத் தூக்கவைக்கும் பகுதிகளும் ஓரளவு விழிக்கின்றன. இப்படிப்பட்ட செல்களை முதலில் குரங்கின் மூளையில்தான் கண்டார்கள். பக்கவாதம் வந்த சிலருக்கு, பார்த்துச் செய்யும் பயிற்சி உதவுகிறது. படித்ததை நம்பி உம் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கையைத் தூக்கினேன்.

“முப்பது வருசமா என்னையப் பாத்து ஊரே கையத் தூக்கிச்சு. இப்ப ஒம்மப் பாத்து நான் தூக்கணுமோ? போம்வே.”

எட்டு நாள் இதே கதை. உம் மனைவி, எனக்கு மதினி, அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “தானா சாப்பிடவும் முடியல, ஊட்டவும் விட மாட்டக்காவ. பாதிச் சோறு அப்படியே திரும்புது, சார்வாள்.”

ஒன்பதாம் நாள் எனக்கும் வீம்பு வந்தது. “நீர் செய்ய வேண்டாம், சும்மா பாரும்” என்று நம் பள்ளி டிரில்லைத் தொடங்கினேன். “இடது கை மேலே!” என்று சொல்லி என் இடது கையைத் தூக்கினேன்.

“தப்புவே!” என்றீர்.

எனக்கு விளங்கவில்லை. இடது கைதானே? மறுபடியும் அதையே தூக்கினேன்.

“ஏ மூதி! பிள்ளையளுக்கு எதுக்க நின்னா கண்ணாடி மாதிரில்லா நிக்கணும். எடதுன்னு சொல்லி வலதத் தூக்கணும்வே. இங்கன பாரும்!”

சொல்லிக்கொண்டே உம் வலது கை மடியைவிட்டு எழுந்தது. நான்கு விரற்கடை உயரம் இருக்கும். அவ்வளவுதான், ஆனால் எழுந்தது! நான் போட்ட கூச்சலில் மதினி கரண்டியோடு ஓடிவந்தார்கள். நீர் மட்டும் எரிச்சல் தீராமல் உட்கார்ந்திருந்தீர். “பள்ளிக்கூடத்துல இத்தன வருசம் எதப் பாத்தீரு?”

உடம்புக்கு நன்றாகப் பழகிய அசைவைப் பார்க்கும்போது மூளை கூடுதலாக விழிக்கிறது. எட்டு நாளும் வெறும் கை தூக்கலைக் காட்டிய நான், உம் உடம்பு அறிந்த டிரில்லைக் காட்டவில்லை. இதுதான் முழுக் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கோபத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மறுநாள் முதல் தெரிந்தே தப்பாகச் செய்தேன். நீர் திருத்தினீர். ஐந்தாம் மாதம் சோற்றை நீரே பிசைந்து சாப்பிட்டீர். சட்டையில் பாதி சிந்தியது. “என் கையால சிந்துதேன், ஒமக்கென்ன?” என்றீர்.

நீர் எங்களை விட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. யாருக்காவது காத்து நிற்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்குகிறேன். முன்பு என்னிடம் இந்தப் பழக்கம் இல்லை. “அவிய நின்ன மாதிரியே நிக்கிய” என்று என் மனைவி சொன்ன பிறகுதான் தெரிந்தது. எந்த நாளில் உம்மிடமிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. கை சோர்ந்து, மனமும் சோர்ந்து ஒருவர் உங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால், அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலையை அவர் முன்னால் தப்பாகச் செய்து பாருங்கள்.